ஒன்ஸ்மோருக்கு இல்லை என்று சொல்லாத ரூபன் டிமெல்

பவளத்துறையில் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு மேலே, பூவரச மரத்துக்கும் லைட் கம்பத்துக்கும் நடுவிலே, ஆளுமில்லாமல் மைக்குமில்லாமல் வெறும் காற்றிலிருந்து செத்துப்போன ரூபன் டிமெல் தினமும் சாயங்காலம் பாடிக்கொண்டிருந்த அந்த வருஷத்தில், ஊரில் யாரும் அதற்காக வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை; அப்படி நின்றவர்களெல்லாம் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு இருந்த கவலையெல்லாம், பாட்டு ஆரம்பிப்பதற்குள் உலையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வர வேண்டும், சுவரோரமாய் நல்ல இடம் பிடிக்க வேண்டும், கடலைக்காரன் போன வாரம் போலச் சொத்தைக் கடலையைக் கலந்து தலையில் கட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான். ஒரே ஒருத்திதான், முதலில் பெருமையோடும் போகப்போக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டும், அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பிரிஜித்தா. அதை ஆரம்பித்து வைத்தவளும் அவள்தான்.

பிரிஜித்தாவுக்குக் கடற்கரை ரோட்டில் ஒரு கேக் கடை. கிரீம் பன்னும் தேங்காய் பிஸ்கட்டும் போடுவாள். புருஷன் கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர், அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தலாகத்தான் பேசுவார். ஆனால் ஊரில் யாரும் அவளைக் கேக் கடைக்காரி என்று சொல்வதில்லை, ‘மன்றத்து அக்கா’ என்றுதான் சொல்வார்கள். மன்றம் என்றால் ரூபன் டிமெல் ரசிகர் மன்றம். பாவாடை தாவணி வயசில் அவள் ஆரம்பித்ததை, கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்து, மன்றத்தில் மற்றவர்களெல்லாம் ஒவ்வொருத்தராய்க் கழன்றுபோன பிறகும் அவள் ஒருத்தியாகவே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த ரூபன் டிமெல் யார் என்றால், இதே ஊரில் லாஞ்சு என்கிற மோட்டார் படகு ஓட்டுகிற டிரைவரின் மகனாகப் பிறந்து, ஒரு பழைய கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ராசுக்கு ரயிலேறி, கேசட் போட்டு, சிங்கப்பூரும் மலேசியாவும் போய்ப் பாடி, பொம்பளைப் பிள்ளைகள் மயங்கி விழ, ஆம்பளைப் பிள்ளைகள் அதே மாதிரி முடி வளர்த்து அப்பன்மார் கையால் அடி வாங்க, ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த மனுஷன். மற்றவர்கள் பாட்டிலெல்லாம் நந்தவனமும் தென்றலும் வந்துகொண்டிருந்த நாளில் இவர் பாட்டில்தான் ரேஷன் கடை வரிசை வந்தது, பஞ்சரான சிவப்பு சைக்கிள் வந்தது, மழைக்கு ஒழுகுகிற ஓட்டு வீட்டில் ராத்திரி பூராவும் பாத்திரம் மாற்றி மாற்றி வைக்கிற புதுப்பெண் வந்தாள். அவர் செத்த மறுநாள் ஒரு பத்திரிகைக்காரன் அவரை ‘மூன்றே மூன்று கார்டு தெரிந்த பாடகர்’ என்று, கிட்டாரில் மூன்று பிடிக்கு மேல் விரல் ஓடாதவர் என்கிற மாதிரி, எழுதிவிட்டான். பிரிஜித்தாவுக்கு வந்ததே கோபம்! “மூணு கார்டுல ஒரு ஊரையே முப்பது வருசம் ஆட வச்சாரே, நூறு கார்டு தெரிஞ்சவன் எவனாவது ஆட வச்சானா?” என்று கடைக்கு பன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள். அவர்கள் பன்னை வாங்கிக்கொண்டு நழுவினார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூட்டத்தில் எவனாவது ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்திவிட்டால் இல்லை என்று சொல்லமாட்டார். காய்ச்சலென்றாலும் பாடுவார், மழையென்றாலும் பாடுவார், கரண்டு போனால் மைக்கை வைத்துவிட்டு மேடை நுனிக்கு வந்து தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுவார். கேட்டவன் காசு கொடுத்தவனா, வேலிக்கு வெளியே நிற்கிறவனா என்று பார்ப்பதேயில்லை.

பிரிஜித்தாவிடமும் ஒரு பழக்கம் இருந்தது. ரூபன் பாட்டை ரூபன் தவிர வேறே யாரும் பாடக் கூடாது. பவளத்துறை எல்லைக்குள் இது கிட்டத்தட்டச் சட்டம். பல வருஷத்துக்கு முந்தி ஒரு தடவை கோயில் திருவிழாவில் ‘விடிவெள்ளி’ இசைக்குழுவின் ஜெரோம், அப்போது இளவட்டப் பையன், ஆசை ஆசையாய் ‘லாஞ்சு மேல நிலா’ பாட்டை எடுத்தான். அது நாலே வரிதான் பல்லவி:

லாஞ்சு மேல நிலா வருதே
நங்கூரம் போட எடமில்லையே
ஊருக்கெல்லாம் வெளிச்சம் தந்தே
உனக்கு மட்டும் வீடில்லையே

மூன்றாவது வரியில் ‘ஊருக்கெல்லாம்’ என்ற இடத்தில் ரூபன் குரலை மேலே தூக்கி, உடைந்துபோகிற மாதிரி ஒரு கணம் நிறுத்தி, உடையாமல் இறக்குவார். ஜெரோம் அங்கே ஏறமாட்டாமல் கீழேயே போய்விட்டான். பிரிஜித்தா கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடைக்குப் பின்னால் போய் வயரைப் பிடுங்கிவிட்டாள். அதிலிருந்து ஊரில் கோயில் பாடகர் குழுவானாலும் சரி, கல்யாணக் கச்சேரியானாலும் சரி, ரூபன் பாட்டு கிடையாது. தாய்மார்கள்கூட அவள் கடைப் பக்கம் வந்தால் அந்தப் பாட்டுகளை முணுமுணுப்பதை நிறுத்திக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ரூபனின் அடக்கத்தன்று செய்த காரியத்தைக் கேளுங்கள். பூசை முடிந்து, பெட்டியைக் குழிக்குள் இறக்கிய நேரத்தில், யாரோ ஸ்பீக்கரில் ‘லாஞ்சு மேல நிலா’ கேசட்டைப் போட்டார்கள். பாட்டு ஓடியது, எல்லோரும் அழுதார்கள், பாட்டு முடிந்தது. முடிந்த அந்த அமைதியில், இத்தனை வருஷமும் எத்தனையோ மைதானங்களில் எத்தனையோ கூட்டங்களில் கத்திக் கத்திப் பழகிப்போன வாய், அவளைக் கேட்காமல், “ஒன்ஸ்மோர்!” என்று கத்திவிட்டது.

கத்திவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். கஸ்பார் தலையில் அடித்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் பூவரச மரத்துப் பக்கமாய், ரூபன் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் செருமுவாரே, அந்தச் செருமல் கேட்டது. அப்புறம் என்ன? பாடினார். முழுப் பாட்டையும் பாடினார். குழி வெட்டின ஆட்கள், பாட்டு நடக்கும்போது மண் தள்ளுவது மரியாதையில்லை என்று மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள், பாட்டு முடிந்த பிறகு தள்ளினார்கள். ஃபாதர் ஜெபப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நல்லாத்தான் பாடுதாரு” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் சுவரோரம் ஒரு சின்னக் கூட்டம் நின்றது. எவனோ ஒன்ஸ்மோர் என்றான், பாட்டு வந்தது. அதற்கு மறுநாள் கூட்டம் இரண்டு மடங்கு. அப்படியே ஊர் அதைத் தன் அன்றாடத்தில் சேர்த்துக்கொண்டது, புதுசாய் வந்த டவுன் பஸ்ஸைச் சேர்த்துக்கொள்கிற மாதிரி. ஐஸ் கம்பெனியில் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தைப் பாட்டுக்குத் தோதாய் மாற்றினார்கள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காக மார்ச் மாதத்தில் சீக்கிரமே கேட்டு முடித்துக்கொண்டார்கள். கல்யாண ஊர்வலங்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று, மாப்பிள்ளை காரிலிருந்து தலையை நீட்டி ஒன்ஸ்மோர் கேட்டு, ‘சிவப்பு சைக்கிள்’ பாட்டைக் காதில் வாங்கிக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போயின. பூசை நேரத்தில் பாட வேண்டாமென்று ஃபாதர் சொல்லியனுப்ப, பிரிஜித்தா சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, “அண்ணே, பூசை முடிஞ்ச பெறகு வச்சுக்கிடுங்க” என்று பணிவாய்ச் சொன்னாள். அன்றையிலிருந்து கடைசி ஆசீர் கேட்ட பிறகுதான் செருமல் கேட்டது. அனுமதியில்லாமல் ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு போலீஸ்காரர் வந்தார். மரத்தைச் சுற்றி வந்தார், கம்பத்தைத் தட்டிப் பார்த்தார், பறிமுதல் செய்ய ஒன்றும் அகப்படாமல் கடலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சென்னையிலிருந்து டிவிக்காரர்கள் வேனைப் போட்டுக்கொண்டு வந்து பதிவு செய்தார்கள். போட்டுப் பார்த்தால் அதில் காக்காய்ச் சத்தமும், பிள்ளை அழுகிற சத்தமும், ஜனங்கள் கை தட்டுகிற சத்தமும்தான் இருந்தன, பாட்டைக் காணோம். ஏமாற்றுக்காரப் பயல்கள் என்று திட்டிவிட்டுப் போனார்கள். ஊருக்கு அதில் சந்தோஷம்தான், நம்ம ஆள் நமக்கு மட்டும்தான் என்று.

பிரிஜித்தாவுக்கோ அந்த மாதங்கள் கொண்டாட்டம். செத்துப்போன மனுஷன் செத்துப்போகவில்லை, அவள் கேட்டதால் நின்றுவிட்டார்! பன் மாவு பிசையும்போதுகூட முகத்தில் ஒரு பெருமை. “நீ கேட்டுக் கேட்டு நான் செத்ததுதான் மிச்சம், நீ கேட்டு அவரு மட்டும் எப்படிப் பொழச்சாரு, எனக்கு ஒண்ணும் வெளங்கலட்டி” என்றார் கஸ்பார். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஆனால் ஒருநாள் ‘ஊருக்கெல்லாம்’ என்ற இடத்தில், ரூபன் நடுவிலே மூச்சு வாங்கினார். அவர் அங்கே மூச்சு வாங்கவே மாட்டார். கூட்டத்தில் வேறே யாருக்கும் தெரியவில்லை, பிரிஜித்தாவுக்கு மட்டும் தெரிந்தது. அடுத்த வாரம் குரல் கம்மியது. அடுத்த மாதம் பாட்டுக்கு நடுவே இருமல் வந்தது. இருமலைக் கேட்டதும் ஜனங்களுக்குப் பாசம் பொங்கி, இன்னும் பலமாய்க் கை தட்டி இன்னும் பலமாய் ஒன்ஸ்மோர் என்றார்கள். அவரும், என்ன செய்வார், பாடினார். ஒருநாள் இரண்டாம் சரணத்தில் குரல் கீறிப்போய், வெறும் காற்றுதான் வந்தது. அந்தக் காற்றையும் கடைசிவரைக்கும் மெட்டுப் பிசகாமல் ஊதி முடித்தார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும் லெனோரா வந்து நின்றாள். ரூபனின் மனைவி. அடக்கத்துக்குப் பிறகு வீட்டை விட்டு வெளியே வராதவள். பிரிஜித்தா பதறிப்போய் ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“உக்காருங்க மைனி. சொல்லிவிட்டிருந்தா நானே வந்திருப்பேனே.”

லெனோரா உட்காரவில்லை. “கச்சேரி முடிஞ்சு வந்தா அந்த மனுசனுக்கு எச்சி முழுங்க முடியாது, தெரியுமா ஒனக்கு? கழுத்துல ஈரத்துணியச் சுத்திக்கிட்டு ரெண்டு நாளு ஊமையாக் கெடப்பாரு. நீங்கல்லாம் பாட்டக் கேட்டீங்க. நான் அதத்தான் பாத்தேன்.”

பிரிஜித்தா கையிலிருந்த பன் தட்டைக் கீழே வைத்தாள்.

“உசுரோட இருக்கும்போது ரெண்டு நாளாவது விட்டீங்க. இப்ப அதுவுமில்ல. நேத்து எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னு கேட்டேன். அது பாட்டா? ஒரு மனுசனப் போட்டு அரைக்கிற மாதிரி இருக்கு.” லெனோராவின் குரல் உயரவேயில்லை. “நீதான ஆரம்பிச்ச. நீயே அவர எறக்கி விடு, பிரிஜித்தா. ஒன்னக் கையெடுத்துக் கும்புடுதேன்.”

அவள் போன பிறகு அன்றைக்குப் போட்ட பிஸ்கட் முழுவதும் கருகியது. பிரிஜித்தாவுக்கு அழுகை வந்தது, வெட்கம் வந்தது, எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் ஒன்று வந்தது: அவர் நின்றுவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? கேசட்டெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிட்டது, பத்திரிகைக்காரன் மூன்று கார்டு என்று எழுதி மூடிவிட்டான், புதுப் பிள்ளைகளுக்கு அவர் பெயர்கூடச் சுவரோரம் வந்துதான் தெரியும். இரண்டாம் தடவையாக அவரைச் சாகவிட வேண்டும், அதையும் தன் கையால் செய்ய வேண்டும். இருந்தாலும் அந்த இருமலை நினைத்தால் அவளால் ஒரு வாய்ச் சோறு இறக்க முடியவில்லை.

அவரிடம் நேரே நிறுத்தச் சொல்லிப் பயனில்லை, ஒருத்தன் கேட்டுவிட்டால் பாடிவிடுவார்; அதனால் இனி யாரும் ஒன்ஸ்மோர் கேட்கக் கூடாதென்று வீடு வீடாய்ப் போய்ச் சொன்னாள். ஊரும் நல்ல ஊர்தான், சொன்னதும் புரிந்துகொண்டது. “யய்யோ, பாவம்லா! நமக்குத் தோணவேயில்லையே” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு டிவி பார்த்தது. கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் ஈ காக்கை இல்லை. பிரிஜித்தா மட்டும் காவலுக்கு நின்றாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துச் சாராயம் போட்டுவிட்டு வலைக்காரன் சூசை தள்ளாடித் தள்ளாடி வந்தான்.

“என்னக்கா, இன்னிக்கிக் கச்சேரி இல்லையா?”

“இல்லலே. நீ பேசாம வீட்டுக்குப் போ.”

“பொண்டாட்டி செத்ததுலேர்ந்து எனக்கு இந்த ஒரு பாட்டுதான்க்கா சோறு” என்று சொல்லிக்கொண்டே, அவள் வாயைப் பொத்துவதற்குள், மரத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “ஒன்ஸ்மோர் அண்ணாச்சி” என்றான், மெதுவாகத்தான் சொன்னான்.

ஒரே ஒரு குடிகாரனுக்காக ரூபன் டிமெல் அந்தக் கீறல் தொண்டையோடு முழுப் பாட்டையும் பாடினார்.

பிரிஜித்தா சூசையைத் திட்டவில்லை. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கேட்காதே என்று சொன்னால் எப்படிக் கேட்காமல் இருப்பான்? அவனுக்குப் பாட்டு வேண்டும். வேறே எங்கே போவான்? ஊரில் ஒரு வாய் பாடுமா? அவன் பொண்டாட்டி உயிரோடு இருக்கும்போதுகூட, கேக் கடைப் பக்கம் வந்தால் வாயை மூடிக்கொண்டவள்தானே! அந்தப் பாட்டுக்கு ஊரில் ஒரே ஒரு தொண்டைதான் மிச்சம், அதுவும் குழிக்குள் கிடக்கிறது. மற்ற தொண்டையையெல்லாம் அடைத்தது யார்? நான்தான், நான்தான் என்று அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

ஜெரோம் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். தலை வழுக்கை, வயசுக்கு வந்த மகள் இருக்கிறாள். ஸ்டாண்டில் பிரிஜித்தாவைக் கண்டதும் எழுந்து நின்றான்.

“எங்கக்கா போணும்?”

“எங்கயும் போகல. நாளைக்குச் சுவரோரம் வந்து ‘லாஞ்சு மேல நிலா’ பாடணும் நீ.”

ஜெரோமுக்கு முகம் செத்துப்போனது. “வெளையாடாதீங்கக்கா. அன்னிக்கி வயரப் புடுங்குனீங்க, அதுலேர்ந்து நான் குளிக்கும்போதுகூடப் பாடுனதில்ல. எனக்கு மூணாவது வரி எறங்கிரும்.”

“எறங்கட்டும்.”

“ஊரு சிரிக்கும்.”

“சிரிக்கட்டும்ல. என்ன மன்னிச்சிரு, ஜெரோமு.” இதைச் சொல்லும்போது அவளுக்கு உதடு கோணியது. ஜெரோம் ஆட்டோவின் கைப்பிடியைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டு நின்றான். அப்புறம், “கிட்டாரு எங்க கெடக்குன்னு பாக்கணும்” என்றான்.

மறுநாள் சாயங்காலம் ஊரே வந்தது. லெனோராவும் வந்தாள், யாரோ பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். கடைசி ஆசீர் முடிந்தது. பிரிஜித்தா சுவரோரம் போய் நின்று, “அண்ணே, இன்னிக்கி நீங்க ஒக்காந்து கேளுங்க” என்றாள். ஆனால் பழக்கம் யாரை விட்டது? கூட்டத்தின் பின்னாலிருந்து எவனோ ஒன்ஸ்மோர் என்று கத்திவிட்டான். செருமல் கேட்டது. ‘லாஞ்சு மேல’ என்று தொடங்கிய குரல் அடுத்த சொல்லுக்கு ஏற முடியாமல் இருமியது. சட்டென்று ஜெரோம் கிட்டாரைத் தட்டி, அதே இடத்திலிருந்து எடுத்தான்.

கூட்டம் ஜெரோமைப் பார்க்கவில்லை, பிரிஜித்தாவைப் பார்த்தது. இப்போது பாய்வாள், இப்போது பிடுங்குவாள் என்று எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாடச் சொல்லிக் கையைக் காட்டினாள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் வரி போய்க்கொண்டிருந்தது, மரத்துப் பக்கம் அந்தக் கீறல் குரலும் விடாமல் கூடவே திணறிக்கொண்டிருந்தது. வேறே வழியில்லை. பிரிஜித்தா கண்ணை இறுக மூடிக்கொண்டு தானே பாடினாள். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு குரல் அவளுக்கு. அதற்குப் பயந்துதான் ஆயுசுக்கும் பாடாமல் இருந்தாள். ‘ஊருக்கெல்லாம்’ வந்தபோது ஜெரோம் ஒரு பக்கம் இறங்கினான், அவள் இன்னொரு பக்கம் ஏறினாள்.

கஸ்பார்தான் முதலில் சிரித்தார். “நல்லாருக்குட்டி, விடாத!” என்றார். சிரிப்பு பரவியது, சிரிப்போடு பாட்டும் பரவியது. மீன்காரப் பெண்கள் தாளத்தைத் துரத்திக்கொண்டு முன்னால் ஓடினார்கள். பாடகர் குழு கோயில் பாட்டு மாதிரி இழுத்தது. போலீஸ்காரர் லத்தியால் கம்பத்தில் தட்டினார். ‘உனக்கு மட்டும் வடையில்லையே’ என்று குறும்புக்காரச் சின்னப் பிள்ளைகள் கத்தினார்கள். சூசை ஒரு வரி பிந்தியே வந்தான். அத்தனை வருஷமாய் உள்ளே கிடந்ததெல்லாம் அவரவர் தொண்டைக்கு ஏற்றபடி, அவரவர் தப்போடு, வெளியே வந்து விழுந்தது. பிரிஜித்தாவுக்குக் கண்ணீர் கொட்டியது. அடடா, இத்தனை பேருக்குத் தெரிந்திருக்கிறதே, இத்தனை பேரிடம் பத்திரமாக இருந்திருக்கிறதே, நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று எதற்காக நினைத்தேன்?

மரத்துப் பக்கத்துக் குரல் முதலில் கூடவே பாடியது. இரண்டாம் தடவை பல்லவி வந்தபோது வெறுமே முனகியது. அப்புறம் தொடையில் தாளம் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசிச் சரணத்தில் அதுவும் நின்றது. ஊர்தான் பாடி முடித்தது.

முடிந்ததும் எல்லோரும் பூவரச மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றும் யாருக்கும் தோன்றவில்லை. அப்போது அந்த வெறும் காற்றிலிருந்து, பாடகன் குரலாக இல்லாமல், வேலை விட்டு வந்து வாசற்படியில் உட்காருகிற சாதாரண மனுஷன் குரலாக, “அப்பாடா!” என்று ஒரு சொல் வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு இலை அசைகிற சத்தம் மட்டும்தான்.

லெனோரா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிரிஜித்தா அவள் காலடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். உடம்பெல்லாம் லேசாகிப் பசி எடுத்தது.

“போயிட்டாரா மைனி?”

“வந்துட்டாரு” என்றாள் லெனோரா. “வீட்டுக்கு வந்து ஷூவக் கழட்டுனா மொத வார்த்தை அதுதான் சொல்லுவாரு. இத்தன மாசமும் நான் வாசக்கதவத் தாப்பாப் போடாமத்தான் படுத்தேன், கச்சேரி இன்னும் முடியலையேன்னு. இன்னிக்கிப் போட்டுட்டுத் தூங்குவேன்.”

கஸ்பார் இரண்டு பேருக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஜனங்கள் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள், ஒருத்தர் மாதிரி ஒருத்தர் பாடவில்லை.